அசாந்தே அரசின் பொன்னை இரவல் கொடுத்திருக்கும் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானிய அருங்காட்சியகத்தினதும் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தினதும் மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டு கானா நாட்டின் குமாசி நகரில், மன்ஷியா அரண்மனை அருங்காட்சியகத்தில் நடைபெற்ற கண்காட்சிக்கென உங்கள் இரு நிறுவனங்களும் 32 பொருள்களை அனுப்பிவைத்தீர்கள். அவற்றுள் 15 பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இருப்பிலிருந்தும் 17 விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தின் இருப்பிலிருந்தும் சென்றன. அசாந்தே மன்னர் இரண்டாம் ஒசேய் டூட்டு அரியணை ஏறிய வெள்ளி விழா ஆண்டில், பிரித்தானியப் படையால் குமாசி எரிக்கப்பட்டு 150 ஆண்டுகள் கழிந்த நிலையில், அந்தப் பொன் அணிகளும் அரச வாளும் தம் ஊர் மக்களின் கண்ணில் மீண்டும் பட்டன. ஆனால் அவை இரவலாகவே சென்றன. மூன்று ஆண்டுகளுக்கு, வேண்டுமானால் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு என்பது உடன்படிக்கை. முதல் தவணை 2027இல் முடிவடைகிறது. அந்தத் தவணையை நீட்டிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அசாந்தே அரசிடமிருந்து போரில் பறிக்கப்பட்டவற்றின் உரிமையையே திருப்பிக் கொடுப்பதற்கான வழியை நாடாளுமன்றத்திடம் நீங்களே முன்வந்து கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் இலண்டனில் வரி செலுத்தி வாழும் ஓர் இலங்கைத் தமிழன். கட்டணம் எதுவுமின்றி உங்கள் கூடங்களுக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பை எனக்கும் என் பிள்ளைகளுக்கும் தந்தமைக்கு நன்றியுடையவன். அந்தக் கூடங்கள் பொதுமக்களின் பணத்தில் நடப்பவை என்பதால், அங்குள்ளவை எப்படி வந்தன என்று கேட்கும் கடமையும் எம்மைப் போன்றவர்களுக்கு உண்டு. மேற்கு ஆபிரிக்காவின் அரசுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஆகவே என் மொழியைப் பேசுவோரும் இவ்வரலாற்றை அறியட்டும் என்பதற்காக, இம்மடலைத் தமிழிலேயே பகிரங்கமாக எழுதுகிறேன்.

அசாந்தே அரசு எப்படி உருவாயிற்று என்பதிலிருந்துதான் இந்தப் பொருள்களின் உரிமை பற்றிய கேள்வியும் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய கானாவின் நடுப்பகுதிக் காட்டு நிலத்தில், அக்கான் மொழி பேசும் பல சிற்றரசுகள் டென்சிரா என்ற வலிய அரசுக்குத் திறை செலுத்தி வந்தன. அவற்றை ஒரே கூட்டாக இணைத்தவர் முதலாம் ஒசேய் டூட்டு. அவருக்கு அறிவுரையாளராகவும் குருவாகவும் நின்றவர் ஒகொம்ஃபோ அனோக்யே. 1701இல் ஃபெயியாசே என்ற இடத்தில் நிகழ்ந்த போரில் டென்சிரா மன்னர் நிதிம் ஜகாரி வீழ்த்தப்பட்டார். அனோக்யே வானிலிருந்து பொன்னால் போர்த்தப்பட்ட ஓர் இருக்கையை இறக்கினார் என்றும், அது ஒசேய் டூட்டுவின் மடியில் வந்து அமர்ந்தது என்றும் அசாந்தே மக்கள் சொல்வர். அது வெள்ளிக்கிழமை வந்தது என்பதால், அந்தக் கிழமையில் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு வைக்கும் கோஃபி என்ற பெயரையே அதற்கும் சூட்டி, ‘சிகா த்வா கோஃபி’ என்று அழைக்கின்றனர்.

அந்தப் பொன் இருக்கையில் எந்த மன்னரும் அமர்வதில்லை. அது நிலத்தில் படுவதில்லை. அதற்கென்றே தனி ஆசனம் உண்டு. புதிய அசாந்தேஹேனே, அதாவது அசாந்தே மன்னர், பதவியேற்கும்போது அவரை அதன்மேல் மூன்று முறை மெல்லத் தாழ்த்தி உயர்த்துவார்கள், அவ்வளவுதான். முழு மக்களின் உயிர்நிலையும் அதற்குள் உறைகிறது என்பது நம்பிக்கை. மன்னர் அந்த உயிர்நிலையின் காவலரே தவிர உரிமையாளர் அல்லர். கூட்டில் சேர்ந்த மாம்பொங், ஜுவாபென், பெக்வாய், கொகோஃபு, நிசுட்டா போன்ற ஒவ்வோர் அரசுக்கும் அதனதன் இருக்கை இருந்தது. அவற்றின் தலைவர்கள் பொன் இருக்கைக்கு விசுவாசமாக இருப்பதாக வாளேந்தி ஆணையிட்டனர். பிறருடைய பூர்விகத்தை எவரும் வெளியில் பேசக்கூடாது என்றொரு விதியும் அனோக்யேயின் பெயரில் வழங்குகிறது. வென்றவரும் தோற்றவரும் ஒரே குடியாக வாழ வேண்டிய அரசில் அந்த விதி எவ்வளவு முன்யோசனையுடையது என்று நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

அரசர் பொருளும் அரசின் பொருளும் வேறு என்பதில் அசாந்தே மக்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பதற்கு 1874ஆம் ஆண்டிலேயே சான்று இருக்கிறது. பிரித்தானியப் படையிடம் தோற்ற மன்னர் கோஃபி கரிகரி, அதே ஆண்டில் தம் மக்களாலேயே பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட பெருங்குற்றம் போரில் தோற்றது அன்று. பந்தாமாவில் இருந்த முன்னோர் கல்லறை மாடத்திலிருந்து பொன்னை எடுத்தார் என்பதே. முடிசூடிய மன்னரே ஆனாலும், முன்னோரின் பொன்னில் கைவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று அந்த அரசின் சட்டம் சொன்னது.

அறங்காவலர்களே, நான் உங்களிடம் சொல்ல வந்ததன் உயிர்ப் பகுதி இதுதான். நீங்களும் எதற்கும் உரிமையாளர் அல்லர். பிறருக்காகக் காத்து நிற்பவர்கள். உங்கள் சட்டங்கள் உங்களைத் தடுக்கின்றன என்று நீங்கள் கூறும்போது, உங்கள் பொறுப்பின் எல்லையை நேர்மையாகவே சுட்டுகிறீர்கள். ஆனால் நீங்கள் காத்து நிற்பவற்றுள் ஒரு பகுதி, அதைவிடப் பழைய, அதைவிடக் கண்டிப்பான இன்னொரு காவலிலிருந்து பறிக்கப்பட்டது. அங்கே மன்னராலும் விற்கவோ கொடுக்கவோ முடியாதிருந்த ஒன்று, கொள்ளைக்குப் பின் கேப் கோஸ்ட் என்ற கடற்கரை நகரில் நடந்த ஓர் ஏலத்தின் வழியாக எப்படிச் சட்டப்படி இன்னொருவர் உடைமையாக முடியும்?

அந்தப் பொருள்கள் எவை என்பதையும் பார்க்க வேண்டும். குமாசிக்கு இரவல் சென்றவற்றுள், வட்டமாகத் தட்டிச் செதுக்கிய பொன் மார்ப்பட்டங்கள் உள்ளன. கண்ணாடிப் பேழைக்குள் காணும்போது அவை நகைகளாகத் தோன்றும். உண்மையில் அவை ஒரு பதவிக்கு உரியவை. மன்னரின் ‘கிரா’, அதாவது அவர் பிறக்கும்போது உடன் வந்த உயிராற்றல், மாசுபடாமல் காக்கும் சடங்குகளைச் செய்யும் அரண்மனைப் பணியாளர்கள் அணிந்தவை. அரசவையில் மன்னரின் வாயாக நின்று பேசுபவர்களும், கருவூலம் காப்பவர்களும், வாள் ஏந்துபவர்களும் தத்தமக்குரிய சின்னத்தைக் கொண்டே தம் அதிகாரத்தை நிலைநாட்டினர். எழுத்தில் வடித்த அரசியலமைப்பு இல்லாத ஓர் அரசில், யாருக்கு என்ன கடமை, யார் யாருக்கு ஆணையிட்டுக் கட்டுப்பட்டவர் என்பதையெல்லாம் இந்தப் பொன்னும் மரமும் இரும்புமே தாங்கி நின்றன. இவை அந்நாட்டின் முடியணிகளுக்கு நிகரானவை என்று விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தின் இயக்குநரே 2024இல் ஊடகங்களிடம் சொன்னார். அவர் சரியாகவே சொன்னார்.

பொன் அந்த நாட்டில் எல்லாவற்றிலும் ஊடாடியது. பொற்றூளே நாணயமாக வழங்கியது. வணிகம் செய்வோர் தராசும் பித்தளை எடைக்கற்களும் வைத்திருந்தனர். மெழுகு உருவைச் சுற்றி மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெளியில் உலோகத்தை ஊற்றிச் செய்த அந்தச் சிறு எடைகளில் பறவையும் மீனும் மனிதரும் பழமொழிகளின் காட்சிகளும் வடிக்கப்பட்டன. குமாசியிலிருந்து எட்டுத் திசையும் சென்ற பெருவழிகளில் தெற்கே பொன்னும், வடக்கே கோலா கொட்டையும் போயின. வடக்கிலிருந்து முஸ்லிம் வணிகரும் எழுத்தரும் வந்து குமாசியில் தங்கினர். பிறநாட்டோடு தொடர்பற்று ஒதுங்கிக் கிடந்த காட்டு அரசு என்ற பழைய சித்திரம் உண்மைக்கு வெகு தொலைவில் உள்ளது.

அந்த அரசு குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. அசாந்தே அரசு போர்களால் வளர்ந்தது. போரில் பிடிபட்டவர்களைக் கடற்கரைக்கு அனுப்பி ஐரோப்பிய அடிமை வணிகர்களுக்கு விற்றது. அதன் செல்வத்தில் அந்த விற்பனைக்கும் பங்குண்டு. வாங்கியவர்களுள் பிரித்தானியர் முன்னணியில் இருந்தனர். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தொடக்கத் தொகுப்பான ஹான்ஸ் ஸ்லோன் சேகரிப்பிலேயே ஓர் அக்கான் மேளம் இருக்கிறது. ஆபிரிக்காவில் செய்யப்பட்டு, கடல் கடந்து, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கண்டெடுக்கப்பட்ட அது, அடிமைக் கப்பல்களின் வழியே சென்றிருக்க வேண்டும். இந்த வரலாற்றை மறைத்து அசாந்தே மன்னர்களைப் புனிதர்களாக்குவது, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குச் செய்யும் அநீதியாகும். ஆனால் அந்தக் குற்றத்துக்கான தண்டனையாக 1874இல் குமாசி கொள்ளையிடப்படவில்லை. அதற்குக் காரணங்கள் வேறு.

அந்தக் காரணங்களுக்குச் செல்லுமுன் 1817ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு தோமஸ் பௌடிச் என்ற இளைஞர் பிரித்தானியத் தூதுக்குழுவோடு கேப் கோஸ்ட்டிலிருந்து குமாசிக்குச் சென்றார். வரவேற்பில் கூடிய ஆயிரக்கணக்கான வீரர்களையும், நூற்றுக்கும் குறையாத பெருங்குடைகளையும், வெயிலில் மின்னிய பொன்னையும் கண்டு திகைத்த அவர், 1819இல் அந்தப் பயணத்தை நூலாக வெளியிட்டார். அப்போது அரியணையில் இருந்தவர் ஒசேய் பொன்சு. அவருடைய அரண்மனையிலிருந்து பௌடிச்சுக்குப் பரிசாகக் கிடைத்த, பொன்னில் வார்த்த சிறிய ‘சங்குவோ’ யாழும் இன்று இரவல் சென்ற 32 பொருள்களுள் ஒன்று. அது பரிசு. மனமுவந்து கொடுக்கப்பட்ட பரிசைத் திரும்பக் கேட்பது என் நோக்கமன்று. அதைப் பற்றிக் குமாசியும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பரிசாகக் கொடுத்தது, விலைக்கு விற்றது, தண்டமாகக் கறக்கப்பட்டது, கொள்ளையிட்டது என்ற நான்கையும் அசாந்தே மக்கள் எப்போதும் தெளிவாகவே பிரித்து அறிந்திருக்கின்றனர். நாமும் பிரித்தறிய வேண்டும்.

ஒசேய் பொன்சு இன்னொன்றும் செய்தார். ‘அபான்’ என்ற கல் மாளிகையை எழுப்பி, 1822இல் முடித்தார். பல நாடுகளிலிருந்து வந்த அரிய பொருள்களை அங்கே வைத்தார். இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகம் என்றொன்று இருப்பதைக் கேள்விப்பட்டதே அவரைத் தூண்டியது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. 52 ஆண்டுகளுக்குப் பின் அந்த மாளிகைக்குள் நுழைந்த பிரித்தானியச் செய்தியாளர்கள், அதன் அறைகளில் பல மொழி நூல்களும், பொஹீமியக் கண்ணாடிப் பாத்திரங்களும், கடிகாரங்களும், பாரசீகக் கம்பளங்களும், வெள்ளித் தட்டங்களும் நிறைந்திருந்தன என்று எழுதினார்கள். உங்கள் நிறுவனத்தைத் தொலைவிலிருந்து மதித்த ஒருவரின் மாளிகை அது.

1874இல் நடந்தது இதுதான். கடற்கரையில் எல்மினா கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்தர், ஆண்டுதோறும் குமாசிக்கு ஒரு தொகை செலுத்தி வந்தனர். அதைத் தம் மேலாட்சிக்கான வாடகையாகவே குமாசி கருதியது. 1872இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினர். தம்மைக் கேளாமல் தம் துறைமுகம் கைமாறியதை ஏற்காத அசாந்தே படை பிரா ஆற்றைக் கடந்து தெற்கே இறங்கியது. அதை எதிர்கொள்ள அனுப்பப்பட்ட சேர் கார்னெட் வுல்சிலி, 1874 ஜனவரி 31 அன்று அமோவாஃபோவில் வென்று, பெப்ரவரி 4 மாலை குமாசிக்குள் நுழைந்தார். மன்னர் நகரை விட்டு விலகியிருந்தார். கொள்ளைப் பொருள்களைப் பொறுக்கி எடுக்கவென்றே அதிகாரபூர்வமாக நியமிக்கப்பட்ட படை அலுவலர்கள், இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரண்மனை அறைகளைத் துருவி, தூக்கிச் செல்லக்கூடிய அளவுக்குப் பொன்னையும் வெள்ளியையும் மூட்டை கட்டினர். பெப்ரவரி 6 அன்று அரண்மனை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நகருக்குத் தீ வைக்கப்பட்டது. பின்னர் ஃபோமெனா உடன்படிக்கையில் 50,000 அவுன்ஸ் பொன் தண்டமாக விதிக்கப்பட்டது.

கொள்ளையிட்டவை கேப் கோஸ்ட்டில் ஏலம் விடப்பட்டன. மிகச் சிறந்தவை பல இலண்டனின் அரச பொற்கொல்லரான கராட் நிறுவனத்தின் கடைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து அதே ஆண்டு ஏப்ரலில் 13 பொருள்களைத் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம், அதாவது இன்றைய விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம், விலைக்கு வாங்கியது. அரண்மனை தகர்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. வாங்கியவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தன என்பது தெரியும். அதை அறிந்தே வாங்கினார்கள். கொள்ளையில் கிடைத்த பொன் தலை ஒன்று இன்று வேறொரு பொது நிறுவனமான வொலஸ் தொகுப்பில் இருக்கிறது. அதைப் பற்றி அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1896 ஜனவரியில் பிரித்தானியப் படை மீண்டும் குமாசிக்குள் வந்தது. இளம் மன்னர் முதலாம் பிரெம்பே போரிடவில்லை. தம் மக்களின் முன்னிலையில் அவரும் அவருடைய தாய் யா அச்சியாவும் ஆளுநரின் பாதங்களைத் தழுவிப் பணிய வைக்கப்பட்டனர். அப்படிப் பணிந்த பின்னும் கைது செய்யப்பட்டு முதலில் எல்மினாவுக்கும், பின்னர் சியரா லியோனுக்கும், 1900இல் இந்துமாக்கடலின் சீஷெல்ஸ் தீவுக்கும் நாடு கடத்தப்பட்டனர். பந்தாமாவின் கல்லறை மாடமும் எரிக்கப்பட்டது. உங்கள் தொகுப்புகளில் உள்ள வேறு சில பொருள்கள் இந்தப் படையெடுப்பின்போது எடுக்கப்பட்டவை.

1900 மார்ச் 28 அன்று ஆளுநர் பிரடெரிக் ஹொட்ஜ்சன் குமாசியில் கூடிய தலைவர்கள் முன்னிலையில் பொன் இருக்கையைத் தம்மிடம் கொண்டுவருமாறு கேட்டார். அது மன்னர்களும் அமராத இருக்கை என்பதையும், அதைக் கேட்பது அந்த மக்களின் உயிரைக் கேட்பது போன்றது என்பதையும் அவர் அறியவில்லை. எஜிசு அரசின் அரசித் தாயான யா அசந்தேவாவின் தலைமையில் மூண்ட எதிர்ப்பு, குமாசிக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. அவரும் இறுதியில் பிடிபட்டுச் சீஷெல்சுக்கு அனுப்பப்பட்டு, 1921இல் அங்கேயே இறந்தார். அசாந்தே நாடு 1902இலிருந்து பிரித்தானியக் குடியேற்ற நாடாகியது. ஆனால் பொன் இருக்கை கிடைக்கவில்லை. மக்கள் அதைப் புதைத்துக் காத்தார்கள். 1921இல் தெரு வெட்டும் வேலையாட்கள் தற்செயலாக அது புதைக்கப்பட்ட இடத்தைக் கண்டதும், சிலர் அதன் அணிகளைக் கழற்றி விற்றதும் தெரியவந்தபோது, அரசு ஆட்டங்கண்டது போல நாடெங்கும் துக்கம் காத்தனர். குற்றவாளிகளை அசாந்தே தலைவர்களே விசாரித்தனர். பொன் இருக்கையின் மேல் தனக்கு உரிமைகோரல் இல்லை என்று அப்போதுதான் பிரித்தானிய நிருவாகம் அறிவித்தது. அதற்கடுத்த ஆண்டு, பிரித்தானிய இளவரசி மேரியின் திருமணத்துக்கு அசாந்தே அரசித் தாய்மார் வெள்ளி இருக்கை ஒன்றைப் பரிசாக அனுப்பினார்கள்.

சீஷெல்சில் இருந்த பிரெம்பே ஆங்கிலம் கற்று, 1907இலிருந்து தம் முன்னோர்களின் வரலாற்றை எழுதுவித்தார். அரண்மனையும் ஆவணமும் அரச சின்னங்களும் அற்ற ஒரு தீவில், நினைவிலிருந்தே ஓர் அரசின் வரலாற்றைத் தொகுக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார். 1924இல் அவரைத் திரும்ப அனுமதித்தார்கள். 1935இல் அவருக்குப் பின்வந்த இரண்டாம் பிரெம்பேயின் காலத்தில் அசாந்தே கூட்டரசு முறைப்படி மீட்டமைக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த அரியணை தொடர்கிறது. நீங்கள் வைத்திருப்பவை மறைந்துபோன ஒரு நாகரிகத்தின் எச்சங்கள் அல்ல. அவற்றை அணிய வேண்டிய பதவிகள் இன்றும் மன்ஷியா அரண்மனையில் உள்ளன.

அசாந்தே அரசு கேட்கத் தொடங்கியது நேற்று அன்று. 1974இல், குமாசி எரிக்கப்பட்டதன் நூறாவது ஆண்டில், மன்னர் இரண்டாம் ஒபோக்கு வாரே இவற்றைத் திரும்பக் கேட்டார். பிரபுக்கள் சபையிலும் அது பேசப்பட்டது. பொருள்கள் திரும்பவில்லை. 50 ஆண்டுகள் கழித்து, 2024 பெப்ரவரியில், லொஸ் ஏஞ்சலிசில் உள்ள ஃபௌலர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு பொருள்களை எந்த நிபந்தனையுமின்றி, நிரந்தரமாக, குமாசியிடம் ஒப்படைத்தது. சில 1874இன் கொள்ளை, சில தண்டமாகக் கொடுக்கப்பட்டவை. இலண்டனின் வெல்கம் அறக்கட்டளையிடமிருந்து 1960களில் அவர்களுக்கு நன்கொடையாகச் சென்றவை அவை. அதே ஆண்டில் அதே அரண்மனைக்கு, அதே கொள்ளையின் மற்றொரு பகுதி உங்களிடமிருந்து இரவலாகச் சென்றது. இரவல் வாங்குபவர், கொடுப்பவரின் உரிமையை ஏற்றுக்கொண்டே வாங்குகிறார் என்ற பொருள் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. தம் மக்கள் தம் வாழ்நாளிலேயே அவற்றைப் பார்க்கட்டும் என்று மன்னர் அதை ஏற்றுக்கொண்டார் என்றால், அது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை உரிமைக்கான ஒப்புதலாக நீங்கள் என்றும் பயன்படுத்தக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் தடுக்கிறது என்பது உண்மை. 1963ஆம் ஆண்டின் பிரித்தானிய அருங்காட்சியகச் சட்டமும், 1983ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டமும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, தொகுப்பிலிருந்து எதையும் நீங்கள் கொடுத்துவிட முடியாதபடி கட்டியிருக்கின்றன. ஆயினும் அந்தக் கட்டு இயற்கையின் விதியன்று. 1885இல் மண்டலே அரண்மனையிலிருந்து பிரித்தானியப் படை எடுத்துச்சென்ற பர்மிய அரச அணிகள் தென் கென்சிங்டனில்தான் இருந்தன; 1964இல் அவை பர்மாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 1983இன் சட்டம் பிறப்பதற்கு முன் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடந்தது அது. நாசிகள் காலத்தில் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட கலைப்பொருள்களைத் தேசிய அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2009இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அதன் கால வரையறையைப் பின்னர் நீக்கி, நிலையான சட்டமாக்கியது. 2004இன் மனிதத் திசுச் சட்டம், ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட மனித எச்சங்களைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் தந்தது. நியாயம் தெளிவாகத் தெரிந்தபோதெல்லாம் வழி திறக்கப்பட்டிருக்கிறது.

என் நாட்டுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபோது, நாயக்கர் மரபில் வந்த அதன் கடைசி மன்னர் சிறி விக்கிரம இராசசிங்கன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். அவருடைய அரியணை இங்கிலாந்துக்கு வந்து வின்சர் கோட்டையில் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1934இல் குளொஸ்டர் கோமகன் அதை இலங்கைக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இலங்கை அப்போதும் பிரித்தானியரின் ஆட்சியில்தான் இருந்தது. கண்டியில் அமர ஒரு மன்னரும் இல்லை. அப்படியிருந்தும் அது திரும்பி வந்தது. எவரும் அதை மூன்று ஆண்டு இரவல் என்று சொல்லவில்லை. அமர மன்னர் இல்லாத அரியணைக்குச் செய்யப்பட்ட நியாயம், மன்னர் இருக்கும் அரசுக்கு மறுக்கப்படுவதற்கு என்ன காரணம் கூற முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டிவரும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். இந்தப் பொருள்களின் வரலாறு அவ்வாறு தெளிவற்றதன்று. எடுத்த நாள் தெரியும். எடுத்தவர்களின் பதவி தெரியும். ஏலம் நடந்த ஊர் தெரியும். வாங்கிய கடை தெரியும். யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அந்த நிறுவனம் அதே நகரில், அதே மரபில், இன்றும் இயங்குகிறது. அவற்றைப் பேண ஓர் அருங்காட்சியகத்தையும் 1995இலிருந்து நடத்தி வருகிறது. இவ்வளவு தெளிவாக வழித்தடம் தெரிந்த பொருள்கள் உங்கள் களஞ்சியங்களில் அதிகம் இருக்க முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் வரலாற்றின்படி தீர்ப்பதே நீதி என்றால், இதிலிருந்து தொடங்குவதே முறை.

ஆகவே நான் கேட்பவை இவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 25 அறங்காவலர்களுள் 15 பேரைப் பிரதமர் நியமிக்கிறார். ஆட்சியாளர்களிடம் உங்கள் குரல் எட்டாது என்று எவரும் சொல்ல முடியாது. இரு நிறுவனங்களின் அறங்காவலர்களும் கூட்டாக, 1874இலும் 1896இலும் அசாந்தே அரசிடமிருந்து படையால் எடுக்கப்பட்டவற்றைத் திருப்பிக் கொடுக்க 2009இன் சட்டத்தைப் போன்றதொரு விதிவிலக்கை இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் பரிந்துரையுங்கள். அது நிறைவேறும்வரை இரவலைத் தடையின்றித் தொடருங்கள்; நாடாளுமன்றத்தின் தாமதத்தால் ஒரு மார்ப்பட்டம்கூட விமானம் ஏறி இலண்டனுக்குத் திரும்பும் நிலை வரவேண்டாம். உங்களிடம் எஞ்சியுள்ள அசாந்தேப் பொருள்கள் ஒவ்வொன்றையும், பரிசு எது, விலைக்கு வந்தது எது, கொள்ளை எது, தண்டம் எது என்று பிரித்து, உங்கள் கணக்கேடுகளில் உள்ள விலைச் சீட்டுகளோடு வெளியிட்டு, முதற்படியை மன்ஷியா அரண்மனைக்கு அனுப்புங்கள். அரசவையில் எந்தப் பதவிக்கு எது உரியது என்று அங்குள்ள முதியவர்களே சொல்லக்கூடியவர்கள். அவர்களுள் அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலால் இந்த வேலையை 2027வரை தள்ளிப்போட வேண்டாம்.

இம்மடலுக்கு நீங்கள் பதில் எழுதுவதானால், அதை எனக்கு எழுத வேண்டியதில்லை. அசாந்தேஹேனேயின் அரசவைக்கு எழுதி, அதைப் பொதுவில் வெளியிட்டால் போதும். நான் அங்கே படித்துக்கொள்வேன்.

இங்ஙனம்,
இலண்டனில் வாழும் இலங்கைத் தமிழன் ஒருவன்